கணித மாணவர்களுக்கான வாய்ப்புகள்: செய்தி யாரை எட்டுகிறது, சட்டம் யாரை விடுவிக்கிறது?

கணிதம் பயில ஆய்வகம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதில்லை. தாளும் பேனாவும் நல்ல ஆசிரியரும் இருந்தால் போதும் என்பார்கள். இதனாலேயே, ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள் எளிதில் எட்டக்கூடிய அறிவியல் துறை கணிதம்தான் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படிப்போரில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பட்டியலின மாணவர்களும் ஏராளம். அந்த வகுப்பறைகளிலிருந்து கணித ஆய்வுக்குச் செல்லும் பாதையோ மிகக் குறுகலானது. பட்டம் முடித்தபின் பி.எட்., அல்லது போட்டித் தேர்வு என்பதோடு பெரும்பாலோரின் கணிதம் நின்றுவிடுகிறது.

திறமை இல்லாததால் இப்படி நேர்கிறது என்று சொல்வோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. வகுப்பறைக்கும் ஆய்வு நிறுவனத்துக்கும் நடுவே சில படிகள் உள்ளன: கோடைப் பயிற்சி முகாம்கள், போட்டிகள், நுழைவுத் தேர்வுகள், உதவித்தொகைகள். அவற்றுள் பல, மாணவரிடம் கட்டணமே பெறாமல் பொதுப் பணத்தில் நடப்பவை. அவை எவை, அவற்றை எட்டவிடாமல் தடுப்பது எது, சட்டம் எங்கே நமக்குத் துணை நிற்கிறது, எங்கே ஒதுங்கிக்கொள்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிந்துரைக் கடிதத்தின் வரலாறு

இந்தியக் கணிதம் என்றதும் சீனிவாச இராமானுஜனின் பெயர் வருகிறது. அவர் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. வறுமையிலிருந்து தன் மேதைமையால் மட்டுமே உயர்ந்தவர் என்றுதான் கல்லூரி விழாக்களில் அவர் கதை சொல்லப்படுகிறது. அவரது மேதைமையிலும் வறுமையிலும் ஐயமில்லை. ஆனால் கதையில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒரு பகுதி உண்டு.

கல்லூரித் தேர்வில் தோற்று, பட்டம் இல்லாமல் இருந்த இராமானுஜன், 1910-ஆம் ஆண்டில் தம் குறிப்பேட்டுடன் வி. இராமசாமி ஐயரைச் சென்று கண்டார். இராமசாமி ஐயர் துணை ஆட்சியர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். அவர் கணிதப் பேராசிரியர் சேஷு ஐயருக்கு அறிமுகம் செய்தார். அந்தத் தொடர்பு நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் வரை கொண்டுசென்றது. அவர் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் வேலை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை. 1914-இல் கேம்பிரிட்ஜ்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஓர் அறிமுகம், ஒரு கடிதம், ஒருவரின் நல்வாக்கு. பணம் இல்லாத அந்த இளைஞரிடம் பணத்தைவிட அரிதான ஒன்று இருந்தது: அதிகாரிகளின் வீட்டுக் கதவைத் தட்டி, திண்ணையில் அமர்ந்து பேசக்கூடிய சமூக உறவு. அதே ஆண்டுகளில் சேரியில் பிறந்த ஒரு சிறுவன் அதே குறிப்பேட்டை ஏந்திச் சென்றிருந்தால் அத்திண்ணையை எட்டியிருப்பானா என்ற கேள்வியைக் கணித வரலாறு கேட்பதில்லை. நாம் கேட்டாக வேண்டும். ஏனெனில் பரிந்துரைக் கடிதம் என்னும் அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது.

இன்றுள்ள வாய்ப்புகள்

முதலாவது, கணிதப் பயிற்சி மற்றும் திறனறி திட்டம். எம்.டி.டி.எஸ். என்ற சுருக்கப் பெயரில் அறியப்படும் இம்முகாம்களைப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கினார். கோடை விடுமுறையில் ஏறத்தாழ நான்கு வாரங்கள், இளநிலை மாணவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் தனித்தனி நிலைகளில் வகுப்புகள் நடக்கும். மனப்பாடம் செய்து எழுதும் பழக்கத்தை உடைத்து, ஒரு தேற்றம் ஏன் மெய்யாகிறது என்று மாணவரையே சிந்திக்க வைப்பதுதான் இதன் கற்பித்தல் முறை. சிறிய ஊர்களின் கல்லூரிகளிலிருந்து ஆய்வுத் துறைக்குச் சென்ற பலர் இம்முகாம்களின் வழியே வந்தவர்கள். முகாமில் உணவும் தங்குமிடமும் இலவசம்.

இரண்டாவது, மாதவா கணிதப் போட்டி. கேரளக் கணித மரபின் முன்னோடியான சங்கமகிராம மாதவரின் பெயரால் இளநிலை மாணவர்களுக்காக, குறிப்பாக இரண்டாம் ஆண்டு மாணவர்களை மனத்தில் கொண்டு நடத்தப்படும் தேர்வு இது. புனேயின் எஸ்.பி. கல்லூரியும் மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும் இணைந்து இதனை நடத்துகின்றன.

மூன்றாவது, இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் கூட்டாக வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. தேர்வு பெறும் மாணவர் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் இரண்டு மாதம் பணியாற்றலாம். முனைவர் பட்ட ஆய்வில் நுழைந்தவர்களுக்குத் தேசியக் கணித மையம் நடத்தும் உயர் பயிற்சிப் பள்ளிகள் உள்ளன.

நான்காவது, நுழைவுத் தேர்வுகள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கணிதம் சேர 'ஜாம்' தேர்வு. விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தேர்வு பொதுவாக மே மாதத்தில் நடக்கும். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் தனியே தேர்வு வைக்கிறது. அணுசக்தித் துறையின்கீழ் 1983-இல் அமைக்கப்பட்ட தேசிய உயர் கணித வாரியம், முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் தேர்வு வழியே உதவித்தொகை தருகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தனித் தேர்வு உண்டு. விரிவுரையாளர் தகுதிக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வு.

ஐந்தாவது, பட்டியலின மாணவர்களுக்கென்றே உள்ளவை. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்து மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. ஆய்வு மாணவர்களுக்கு, ஆண்டுக்கு 2,000 பேருக்கு வழங்கப்படும் தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு. வெளிநாட்டில் முதுநிலையோ முனைவர் பட்டமோ படிக்கத் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு.

இவ்வளவும் இருக்கும்போது குறை எங்கே?

நான்கு தடைகள்

முதல் தடை செய்தி. இந்த அறிவிப்புகள் எல்லாம் இணையதளங்களில் வெளியாகின்றன. யாரும் ஒளித்து வைப்பதில்லை. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அதைத் தேடத் தோன்றும். பெருநகரின் தனியார் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கு மூத்த மாணவர் சொல்வார். இல்லையேல் பேராசிரியராக இருக்கும் உறவினர் சொல்வார். மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியிலோ, சுற்றறிக்கை துறைத்தலைவரின் மேசையோடு நின்றுபோனால், அந்த ஆண்டு அந்த வகுப்பு முழுவதுக்கும் வாய்ப்பு இல்லாமல் போகிறது. மூன்றே ஆண்டுப் படிப்பில் ஓராண்டை இழப்பது சிறிய இழப்பன்று.

இரண்டாவது தடை பரிந்துரைக் கடிதம். கோடை முகாம்களும் ஆய்வு உதவித்தொகையும் ஆசிரியரின் பரிந்துரையைக் கேட்கின்றன. மாணவரை அறிந்த ஆசிரியர் அவரது சிந்தனைத் திறனைப் பற்றி எழுதட்டும் என்பதே நோக்கம். அது தவறான நோக்கமன்று. ஆனால் கடிதம் கேட்பதற்கு மாணவருக்குத் துணிவு வேண்டும்; எழுதுவதற்கு ஆசிரியருக்கு மனம் வேண்டும். இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற பார்வையோடு மாணவரை அளக்கும் ஆசிரியர், எந்த விதியையும் மீறாமல், இரண்டு வரி வறட்டுக் கடிதத்தால் ஒரு வாய்ப்பை முடித்துவிடலாம். எண்ணால் அளக்க முடியாத இடத்தில்தான் சாதி எளிதாக அமர்ந்துகொள்கிறது.

மூன்றாவது தடை மொழி. 'ஜாம்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தரப்படுகிறது. தமிழ்வழியில் கணிதம் கற்ற மாணவருக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. கணிதக் குறியீடு உலகுக்குப் பொது என்பது உண்மை. ஆயினும் வினாவின் நிபந்தனையைச் சொல்வது வாக்கியம்தான். 'ஒவ்வொரு' என்பதும் 'ஏதேனும் ஒரு' என்பதும் மாறினால் விடையே மாறிவிடும். இந்தி வழியில் படித்தவருக்குக் கிடைக்கும் இந்த வசதி தமிழ்வழியில் படித்தவருக்கு ஏன் இல்லை என்பது மொழிச் சிக்கல் மட்டுமன்று; அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் கூறு பேசும் சமத்துவத்தின் சிக்கல்.

நான்காவது தடை முன்பணம். பயணச் செலவை ஈடு செய்வார்கள். ஆனால் முதலில் மாணவர்தான் செலவழிக்க வேண்டும். பல தேர்வுகளுக்கு விண்ணப்பித்தால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். சலுகைக் கட்டணம் இருந்தாலும் கூட்டிப் பார்த்தால் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் வந்தன. பலருக்கு இத்தொகைதான் விண்ணப்பக் கட்டணமாகிறது. ஆனால் இவை இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகின்றன. கணிதத்தில் உண்மையான பிரிவினை நேர்வதோ இளநிலை முடிந்து முதுநிலைக்குள் நுழையும் இடத்தில்தான். அந்த முனையில் கை விடப்படுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அரசு எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் விடுவிக்கும் நிறுவனங்கள்

இதுவரை சொன்னவை நடைமுறைத் தடைகள். ஐந்தாவது தடை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான இட ஒதுக்கீட்டை, 2006-ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இட ஒதுக்கீடு) சட்டம் வகுக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் ஒதுக்குகிறது. உச்ச நீதிமன்றம் அசோக் குமார் தாக்கூர் வழக்கில் 2008 ஏப்ரல் 10 அன்று இச்சட்டத்தை உறுதி செய்தது. இதைப் பெரும்பாலான மாணவர்கள் அறிவார்கள்.

அடுத்துள்ள 4-ஆம் பிரிவைப் பலர் அறிவதில்லை. சில நிறுவனங்களுக்கு 3-ஆம் பிரிவு பொருந்தாது என்கிறது அது. உயர்சிறப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவமும் உத்திசார் முக்கியத்துவமும் வாய்ந்த நிறுவனங்கள் என்று கூறி, சட்டத்தின் இறுதியில் ஓர் அட்டவணை இணைக்கப்பட்டுள்ளது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் போன்றவற்றுடன் அவ்வட்டவணையில் இடம்பெறும் பெயர்கள்: சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம், அலகாபாத்தின் ஹரிஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனம், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். நாட்டில் தூய கணித ஆய்வு நடக்கும் தலையாய இடங்களின் பட்டியலை யாரேனும் எழுதினால் இம்மூன்றும் அதில் இருக்கும்.

உத்திசார் முக்கியத்துவம் என்ற வாதத்தை அணு உலைக்குப் பொருத்திப் பார்ப்பதே கேள்விக்குரியது. எண் கோட்பாட்டுக்கும் இயற்கணித வடிவியலுக்கும் அதை எவ்வாறு பொருத்துவது? பகா எண்களை ஆராயும் மாணவரின் சாதியால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன நேரும்? இவ்விலக்கின் அடியில் இருப்பது ஒரே ஓர் எண்ணம்தான்: சிறப்பும் இட ஒதுக்கீடும் ஒன்றாக இருக்க முடியாது என்னும் எண்ணம். இட ஒதுக்கீட்டைப் பின்பற்றும் ஐ.ஐ.டி.களும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் உலகத் தரமான கணிதத்தை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

இங்கே சட்டத்தைக் கூர்ந்து படிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, 4-ஆம் பிரிவு தருவது விலக்கு, அது தடையன்று. 3-ஆம் பிரிவு பொருந்தாது என்று மட்டும்தான் அது கூறுகிறது. இட ஒதுக்கீடு வழங்கக் கூடாது என்று கூறவில்லை. எனவே இந்நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்கள் தாமாக முன்வந்து இட ஒதுக்கீட்டையோ, பட்டியலின மாணவர்களுக்கான ஆயத்தப் பயிற்சியையோ, தனி உதவித்தொகையையோ அறிவிக்க இச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 'சட்டம் அனுமதிக்கவில்லை' என்று யாரேனும் சொன்னால் அது சரியான விடையன்று. இரண்டு, அட்டவணையை மாற்றும் அதிகாரத்தை அதே பிரிவு ஒன்றிய அரசுக்குத் தருகிறது. நாடாளுமன்றத்தில் புதிய திருத்தச் சட்டம் வேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும். ஆகவே இது அரசியல் விருப்பத்தைப் பொறுத்த கேள்வி.

கட்டணக் கெடு

இடம் கிடைத்த பின்னும் இழப்பு நேரலாம். முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவருக்கு 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணம் 17,500 ரூபாய். தந்தை தினக்கூலித் தொழிலாளி. ஊரார் உதவியோடு பணம் திரட்டி முடிப்பதற்குள் ஜூன் 24 மாலை 5 மணிக் கெடு கடந்துவிட்டது, இடம் பறிபோனது. அவர் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்தையும் உயர் நீதிமன்றங்களையும் நாடி, இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். செப்டம்பர் 30 அன்று, 142-ஆம் கூறின்கீழ், கூடுதல் இடம் உருவாக்கி அவரைச் சேர்க்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 2021 நவம்பரிலும் இதுபோன்றே, கட்டணம் செலுத்துவதில் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறால் மும்பை ஐ.ஐ.டி. இடத்தை இழந்த தலித் மாணவருக்கு நீதிமன்றம் இடம் வழங்கியது.

இவை பொறியியல் படிப்பு தொடர்பான வழக்குகள். கணித மாணவர்களுக்கும் இவற்றில் பாடம் உண்டு. 'ஜாம்' வழிச் சேர்க்கையிலும் கட்டணமும் கெடுவும் இதே வகையானவை. வெற்றி பெற்ற இருவரும் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 142-ஆம் கூறு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள தனி அதிகாரம். ஒவ்வொரு மாணவரும் அங்கே செல்ல முடியாது. ஆகவே கெடுவுக்கு முன்பே செயல்படுவதுதான் நமக்குப் பாதுகாப்பு. கல்வி உதவித்தொகைக்கான 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், பட்டியலின மாணவர் முன்பணம் கட்டாமலே சேர்வதற்கான கட்டணமில்லாச் சேர்க்கை அட்டையைப் பற்றிப் பேசுகின்றன. அதைத் தேர்வு முடிவு வந்தபின் கேட்பதைவிட, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு முன்கூட்டியே ஆயத்தமாக வைப்பது நல்லது.

கட்டணம் கட்ட முடியாமல் போனால், அந்த நிமிடமே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் செலுத்தும் பக்கத்தின் திரைப்படத்தைச் சேமித்து வையுங்கள். வங்கியிருப்பைக் காட்டும் சான்றைப் பெறுங்கள். நீதிமன்றத்தில் மாணவரின் சொல்லைவிட நேரம் பதிந்த ஆவணத்துக்கு வலிமை அதிகம்.

செய்யத்தக்கவை

மாணவர்களுக்கு: முதலாண்டிலேயே ஒரு காலப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில்தான் போட்டி, முகாம், நுழைவுத் தேர்வு ஆகியவற்றின் அறிவிப்புகள் பெரும்பாலும் வருகின்றன. பரிந்துரைக் கடிதம் வேண்டிய ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் செல்லாதீர்கள். ஒரு மாதம் முன்பே, நீங்கள் தீர்த்த கணக்குகளோடும் படித்த பாடங்களின் குறிப்போடும் செல்லுங்கள். முகாமில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் விண்ணப்பியுங்கள். நால்வர் சேர்ந்து வாரம் ஒரு மாலை பழைய வினாத்தாள்களைத் தீர்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கும் கல்லூரிகளுக்கும்: அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவது மட்டும் போதாது, வகுப்பில் படித்துக் காட்டுங்கள். பயண முன்பணத்துக்குக் கல்லூரி அளவில் சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். மாணவருக்குத் தொகை திரும்பி வந்ததும் அது அடுத்தவருக்குப் பயன்படும். பாகுபாடு நேர்ந்தால் முறையிட, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாடு தடுப்பு அலுவலரையும் கோரின. உங்கள் கல்லூரியில் அவ்வலுவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் அதையே எழுத்தில் கேளுங்கள்.

செயற்பாட்டாளர்களுக்கு: தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. பொதுப் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு கணித நிறுவனத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், சேர்க்கப்பட்டோர் ஆகியோர் பிரிவுவாரியாக எத்தனை பேர்? சேர்ந்தபின் இடைநின்றோர் பிரிவுவாரியாக எத்தனை பேர்? இட ஒதுக்கீட்டைத் தாமாகப் பின்பற்றுவது குறித்து நிர்வாகக் குழு விவாதித்த கூட்டக் குறிப்பு உண்டா? 30 நாளில் விடை வர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது நிறைவளிக்காவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 'அத்தகவல் தொகுக்கப்படவில்லை' என்பதே விடையாக வந்தால், அதையும் ஆவணமாக்குங்கள். எண்ணிக்கையையே தம் தொழிலாகக் கொண்ட நிறுவனம் தம் மாணவர்களை எண்ணவில்லை என்பது ஒரு சான்று. அச்சான்றோடு, 338-ஆம் கூறின்கீழ் இயங்கும் தேசிய ஆணையத்தை நாடலாம். விசாரணையின்போது ஆவணங்களை வரவழைக்கவும் அலுவலரை அழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

தமிழ்நாடு அரசுக்கு: மாத உதவித்தொகைத் திட்டங்களை அரசுக் கல்லூரியின் முதுநிலை அறிவியல் மாணவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும். 'நெட்' தேர்வைத் தமிழிலும் நடத்துமாறு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். தரமணி நிறுவனம் உள்ளிட்ட கணித நிறுவனங்களை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து நீக்கும் கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.

கணிதத்தில் மெய்ப்பிக்கப்படாத ஒன்றை மெய் என்று யாரும் ஏற்பதில்லை. பட்டியலினத்து மாணவர்களால் உயர் கணிதம் இயலாது என்ற கூற்றுக்கு இதுவரை யாரும் மெய்ப்பு தந்ததில்லை. இருந்தும் அது ஒரு சட்டத்தின் அட்டவணையாகவும், ஒரு பரிந்துரைக் கடிதத்தின் இரண்டு வரியாகவும் நின்று செயல்படுகிறது. இந்த ஆண்டு அறிவிப்புகள் வெளிவரும்போது, நம் ஊர்க் கல்லூரிகளின் கணித வகுப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரேனும் விண்ணப்பிக்கட்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பதை நாம் எண்ணத் தொடங்குவோம்.